இணையவழி ரெய்கி சான்றிதழ்: கட்டிய பணம் திரும்புமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். முகநூல் விளம்பரம் பார்த்து இணையவழி ரெய்கி (கைவைத்துச் செய்யும் ஜப்பானிய நலமுறை) வகுப்பில் சேர்ந்தேன். மூன்று நிலைக்கும் சேர்த்து 2,400 ரிங்கிட். இதுவரை 900 கட்டியிருக்கிறேன். முதல் நிலை இரண்டு மாலையில் முடிந்துவிட்டது. சுகாதார அமைச்சு அங்கீகரித்த அனைத்துலகச் சான்றிதழ் என்றார்கள். விசாரித்தால் அப்படி ஒன்றும் இல்லையாம். விலகுகிறேன் என்றதும், "கட்டிய பணம் திரும்பாது என்று விண்ணப்பத்திலேயே போட்டிருக்கிறோம்" என்கிறார்கள். என்ன செய்யலாம்? வேறு இடத்தில் படித்து வீட்டிலேயே தொழில் தொடங்கலாமா?

பதில்: விண்ணப்பத்தில் அந்த வரி இருப்பதால் உங்கள் உரிமை போய்விடாது, சகோதரி. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 தரும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி யாரும் பறிக்க முடியாது. அதன் 6ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது.

உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, 17ஆம் பிரிவு. தொடர்ந்து வழங்கப்படவேண்டிய சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் இடையில் ரத்து செய்யலாம். அப்போது விற்றவர் மூன்றைத்தான் பிடித்துக்கொள்ள முடியும்: மொத்தக் கட்டணத்தில் 5 விழுக்காடு, நீங்கள் வைத்துக்கொள்ளும் பொருளின் விலை, ஏற்கெனவே பெற்ற சேவையின் நியாயமான மதிப்பு. 2,400க்கு 5 விழுக்காடு 120. முதல் நிலையை மட்டும் தனியாக அவர்கள் 450க்கு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், பாடநூலுக்கு ஒரு 50. ஆக 620 போக, 280 உங்களுக்குத் திரும்பவேண்டும். முதல் நிலையின் தனிவிலை அவர்கள் விளம்பரத்திலேயே இருக்கும். அதை இன்றே படம் பிடித்து வையுங்கள், விலை நாளை மாறலாம். இணையத்தில் நேரலையாக நடக்கும் வகுப்பு என்பதால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்துகிறது. பதிவு செய்த காணொளிகளை மொத்தமாகத் திறந்துவிடும் வகுப்பாக இருந்தால், சேவை முழுவதும் கொடுத்தாகிவிட்டது என்று வாதாடுவார்கள்.

இரண்டாவது வழி இன்னும் வலுவானது. இல்லாத அங்கீகாரம் இருப்பதாகச் சொல்லி விற்பது 10ஆம் பிரிவின்படி பொய்யான கூற்று. அதை நம்பித்தான் சேர்ந்தீர்கள் என்று காட்ட முடிந்தால் 900ஐயும் கேட்கலாம். அமைச்சு பற்றிய பேச்சு புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுத்தாக இருக்கிறதா, இல்லை தொலைபேசியில் வாய்ப்பேச்சா? வழக்கு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கும், அல்லது விழும். வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால், "அமைச்சின் அங்கீகாரக் கடிதத்தை அனுப்புங்கள்" என்று இப்போது எழுத்தில் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தாலும் அது சாட்சிதான்.

முதலில் ரத்துக் கடிதம் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் புலனத்திலும். தேதி, கட்டிய தொகை, கேட்கும் தொகை, 14 நாள் கெடு இவை போதும், கோபம் வேண்டாம். பணம் வராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் படிவம் 1ஐப் பதியுங்கள். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், மூன்றாண்டுக்குள் போகவேண்டும். இணையத்திலும் பதியலாம். அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது. வழக்கறிஞரான எனக்கு அதில் வருமானமில்லை, உங்களுக்கு நல்லது. படிவத்தில் 900ஐ முதலில் கேட்டு, அது இல்லாவிட்டால் 17ஆம் பிரிவின்படி 280 என்று மாற்றாக எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதிவிட்டு விசாரணை நாளில் திண்டாடாதீர்கள்.

எதிர்த்தரப்பு ஒன்றைக் கிளப்பலாம்: "தொழிலுக்காகப் படித்தவர் பயனீட்டாளர் அல்ல." வாங்கிய சேவையையே வணிகத்தில் மறுவிற்பனை செய்ய வாங்குபவரைத்தான் சட்டம் விலக்குகிறது. நீங்கள் வாங்கியது பாடம், கொடுக்கப்போவது சிகிச்சை. மூன்றாவதான மாஸ்டர் நிலை முடித்தால் பிறருக்கும் கற்பிக்கலாம் என்பதால் அந்த நிலைக்கு இந்த வாதம் கொஞ்சம் ஒட்டும். "எனக்கும் குடும்பத்துக்கும்தான் முதலில் கற்க நினைத்தேன்" என்பது உண்மையானால் அதைச் சொல்லுங்கள்.

விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் தீர்ப்பு கிடைத்தாலும் வசூல் கடினம். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியில் உடனே கட்டணத் தகராறு பதியுங்கள். பணம் போன பிறகு ஆளே மறைந்துவிட்டால் அது மோசடி. தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997க்கு அழையுங்கள்.

அடுத்த வகுப்பைத் தேர்ந்தெடுப்பது பற்றி. பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் 2016இன் கீழ் அங்கீகரிக்கப்பட்ட துறைகள் ஏழு: மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள், ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவ முறை. ரெய்கி அதில் இல்லை. எனவே எந்த ரெய்கி சான்றிதழும், தங்க முத்திரை போட்டதானாலும், உங்களை அரசு பதிவு பெற்ற சிகிச்சையாளர் ஆக்காது. "டிப்ளோமா" என்றால் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். "அனைத்துலக" என்ற சொல்லுக்கு எடையே இல்லை. உலகம் முழுவதற்கும் ரெய்கியை ஆளும் ஒரே அமைப்பு கிடையாது. 1922இல் ஜப்பானில் மிக்காவோ உசுய் தொடங்கிய முறை இது; அவரிலிருந்து தன் ஆசிரியர் வரை குருவரிசையைச் சொல்லத் தெரியாதவரிடம் போகவேண்டாம், ஆனால் சொல்லத் தெரிவதும் சட்டத் தகுதி ஆகாது. பணம் கட்டுமுன் நிறுவனப் பதிவு எண், நேரடி வகுப்பு எத்தனை மணி நேரம், நிலைகளுக்கு இடையே பயிற்சிக் காலம் எவ்வளவு, விலகினால் எவ்வளவு திரும்பும் இவற்றை எழுத்தில் வாங்குங்கள். மூன்று நிலைக்கும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள்.

தொழில் தொடங்கும்போது பெரிய ஆபத்து விளம்பரத்தில்தான். நோயைக் குணப்படுத்தும் சேவை என்று அனுமதியின்றி விளம்பரம் செய்வதை மருந்துகள் (விளம்பரம், விற்பனை) சட்டம் 1956 தடுக்கிறது. "சர்க்கரை, புற்றுநோய் குணமாகும்" என்று முகநூலில் ஒரு வரி போட்டாலும் மாட்டிக்கொள்வீர்கள். "ஓய்வுக்கான அமர்வு" என்று மட்டும் எழுதுங்கள். வருபவரை மருந்தை நிறுத்தச் சொல்லவே கூடாது. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதியவேண்டும்: சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் என்றால் 60. உரிமம் தேவையா என்று உங்கள் பகுதிக்கான கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் கேளுங்கள். இருப்பது தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடு என்றால், நிர்வாகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் பலகை மாட்டவேண்டாம்; அந்த வீடு உங்கள் குடும்பத்தில் ஒருவரின் வேலையோடு ஒட்டியது.