நார்மன் குதிரைப்படையே எப்போதும் வென்றால், படைகளைச் சமப்படுத்துவது எப்படி?

வைக்கிங், நார்மன் காலத்துப் படைகளைச் சிறு பொம்மைகளாக மேசைமீது நிறுத்தி ஆடும்போது குதிரைப்படை வைத்திருப்பவரே ஒவ்வொரு முறையும் வெல்கிறார், காலாட்படையின் பாயிண்ட் விலையை (படை திரட்ட இரு தரப்புக்கும் சமமாகத் தரப்படும் பாயிண்டுகளில் அதற்கு ஆகும் செலவை)க் குறைத்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது என்பதே என் அனுபவம். விலையில் கை வைப்பதற்கு முன் தரை, களைப்பு, வெற்றிக்கான நிபந்தனை ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

நான் ஆடுவது 2011-இல் பிரெஞ்சு நிறுவனமான ஸ்டுடியோ டோமஹாக் வெளியிட்ட சாகா என்ற பொம்மைப் போர் ஆட்டம். அதில் ஒரு பாயிண்டுக்கு 4 மெய்க்காவலர் அல்லது 8 போர்வீரர் அல்லது 12 குடிப்படையினர் கிடைப்பார்கள். கைகலப்பில் மெய்க்காவலருக்கு ஆளுக்கு 2 பகடை, வீரருக்கு ஆளுக்கு 1, குடிப்படையில் 3 பேருக்கு 1. ஆகவே 4 மெய்க்காவலரும் 8 வீரரும் தலா 8 பகடையோடுதான் மோதத் தொடங்குகிறார்கள். ஆனால் இரு பக்கமும் இரண்டிரண்டு பொம்மைகளை அகற்றியதும் மெய்க்காவலரிடம் 4 பகடையும் வீரரிடம் 6 பகடையும் எஞ்சும். மெய்க்காவலர்மீது அடி விழப் பகடையில் 5 அல்லது அதற்கு மேல் வர வேண்டும், வீரர்மீது விழ 4 போதும் (இதுவே கவச எண்) என்பது அந்த வித்தியாசத்தை ஈடுகட்டுகிறது. ஏட்டளவில் இது நியாயமான கணக்குதான்.

அதைக் கெடுப்பது வெறும் சமவெளியாகக் கிடக்கும் மேசை. குதிரை 12 அங்குலம் நகர, காலாள் 6 அங்குலமே நகர்வதால், எங்கே, எப்போது மோதுவது என்பதைக் குதிரைக்காரரே முடிவு செய்கிறார். 1066 அக்டோபர் 14 அன்று இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் நார்மன் தலைவன் வில்லியமுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. ஆங்கிலேய மன்னன் ஹரால்டின் படை மேட்டின்மேல் கேடயச் சுவர் அமைத்து நின்றது. இருட்டும்வரை இடம்பெயராமல் நின்றாலே அதற்குப் போதும், அந்நிய மண்ணில் இறங்கியிருந்த வில்லியமோ ஏறிச் சென்று தாக்கியே தீர வேண்டும். காலையில் தொடங்கிய சண்டை அந்திவரை இழுத்ததற்கும், பின்வாங்குவதுபோல் நடித்துத் துரத்தி வந்தவர்களைத் திரும்பி வெட்டும் உத்தி தேவைப்பட்டதற்கும் இதுவே காரணம்.

ஆகவே எங்கள் சாப்பாட்டு மேசையில் தெர்மோகோலால் ஒரு மேடு செய்து, அதன் சரிவைக் கரடுமுரடான தரையாக வைத்துக்கொண்டு, ஏழாவது சுற்று முடியும்போது மேட்டில் ஆங்கிலேயர் ஒரு பிரிவேனும் நின்றால் வெற்றி அவர்களுக்கே என்று நண்பரும் நானும் முடிவு செய்தோம். நார்மன் தரப்பில் நான். பொறுமையில்லாமல் இரண்டாவது சுற்றிலேயே 8 குதிரை மெய்க்காவலரை அடுத்தடுத்து இருமுறை இயக்கி மேட்டில் ஏற்றினேன். ஒரே சுற்றில் இரண்டாம் முறை நகரும் பிரிவுக்குக் களைப்புக் குறி விழும். அந்தக் குறியை எதிராளி தன் நன்மைக்குச் செலவழிக்கலாம் என்பதுதான் சாகாவின் ஆகச் சிறந்த விதி என்பேன். நண்பர் அதை எடுத்துத் தம் வீரர்களின் கவச எண்ணை 4-இலிருந்து 5 ஆக்கினார். சராசரியாக 8 அடி விழ வேண்டிய என் 16 பகடைகளுக்கு 5 சொச்சம்தான் எதிர்பார்க்கலாம் என்றாகிவிட்டது. மோதல் முடிந்ததும் இரு தரப்புக்கும் மேலும் ஒரு களைப்பு. அடுத்த சுற்றை ஓய்வெடுப்பதிலேயே கழித்தேன்.

நான் முதலில் வில்லாளரைக் கொண்டு சுவரைக் குலைத்துவிட்டு, அதன்பிறகு குதிரைகளை ஏவியிருக்க வேண்டும். ஆங்கிலேயத் தரப்புக்கு வில்லாளரை அள்ளிக் கொடுக்காதீர்கள். அந்தப் போரைத் தையல் சித்திரமாகக் காட்டும் பேயூ திரைச்சீலையில் அவர்களின் சுவரருகே வில்லோடு தெரிபவன் ஒரே ஒருவன்தான்.

குடிப்படை மட்டும் என்னைக் குழப்பிக்கொண்டே இருந்தது. பிரிவுகளை இயக்க உருட்டும் கட்டளைப் பகடையே தராத 12 பொம்மைகளுக்கு ஒரு பாயிண்டா என்று நினைத்தேன். அன்று ஏழாவது சுற்றின் முடிவில் மேட்டில் மிச்சமிருந்தது அந்தக் குடிப்படையில் 5 பேர். என் குதிரைகள் சரிவின் பாதியில் நின்றன.