எகிப்திய பாரோக்களின் கல்லறை வெட்டியவர்கள்: கேள்வி பதில்

கேள்வி: சாட்டையடி வாங்கிய அடிமைகள்தானே பழைய எகிப்தின் அரசர்களான பாரோக்களின் கல்லறைகளை வெட்டினார்கள்?

பதில்: இல்லை. பாரோக்களின் கல்லறைகள் இருக்கும் அரசர்களின் பள்ளத்தாக்கில் வேலை செய்தவர்கள் அரசுச் சம்பளக்காரர்கள். லக்சருக்கு எதிர்க்கரையில் இருக்கும் தெய்ர் எல்-மதீனாதான் அவர்கள் ஊர். கல் வெட்டுபவர், ஓவியர், எழுத்தர் எல்லாரும் அங்கே குடும்பத்தோடு இருந்தார்கள். அடிமைப் பெண்களும் உண்டு. வீடுகளுக்கு மாவரைப்பது அவர்கள் வேலை.

கேள்வி: நாணயமே இல்லாத காலத்தில் சம்பளம் எப்படி சார்?

பதில்: தானியமாக. தொழிலாளிக்கு மாதம் 4 மூட்டை எம்மர் கோதுமை, 1½ மூட்டை பார்லி. மேஸ்திரிக்கு 5½, 2. அவர்கள் மூட்டை ஏறத்தாழ 77 லிட்டர். கோதுமை ரொட்டிக்கு, பார்லி பீருக்கு. எம்மர் என்பது நம் சம்பா கோதுமை இனம். உமி லேசில் பிரியாது, ஈரப்படுத்தி உரலில் குத்த வேண்டும். மீன், காய்கறி, விறகு, தண்ணீர் தனியாக வரும். தானியம் மிஞ்சினால் பண்டமாற்று. விலையைச் செம்பு எடையில் பேசுவார்கள்: ஒரு தெபென் சுமார் 91 கிராம். செம்பே கைமாற வேண்டும் என்பதில்லை, கணக்குக்குத்தான்.

கேள்வி: இந்தத் தானியப் படி வராமல் போனால்?

பதில்: வேலைநிறுத்தம்தான். 3ஆம் ராமசேஸின் 29ஆம் ஆட்சியாண்டு, கி.மு. 1157 வாக்கில், "மாதத்தில் 18 நாள் போய்விட்டது, பசிக்கிறோம்" என்று கல்லறைப் பகுதியின் ஐந்து மதில்களையும் தாண்டிப் போய்க் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, பாரோவுக்கு எழுதுங்கள் என்றார்கள். முந்தைய மாதப் படி கைக்கு வந்தது. பிறகும் பாக்கி விழுந்தது. மறுபடியும் போய் உட்கார்ந்தார்கள். இதைப் பதிவு செய்த பாப்பிரஸ் (நாணல் தாள்) சுவடி இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உரிமையைக் கேட்கும் குரல் அது, கெஞ்சல் அல்ல.

கேள்வி: லீவு உண்டா?

பதில்: வாரம் 10 நாள், கடைசியில் ஓய்வு. மற்ற நாளில் வராதவர்களுக்கு வருகைப் பதிவு இருந்தது. 2ஆம் ராமசேஸின் 40ஆம் ஆண்டுப் பதிவு ஒன்று, சுண்ணாம்புக்கல் பலகையில் எழுதியது, பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது. பெயருக்கு நேரே கறுப்பு மையில் தேதி, தேதிக்கு மேலே சிவப்பு மையில் காரணம்: கண் நோவு, தேள் கடி, பீர் காய்ச்சப் போனான், தாயின் உடலைத் துணி சுற்றப் போனான்.

கேள்வி: உளி யாருடையது?

பதில்: அரசுடையது. செம்பு விலையுயர்ந்தது என்பதால் எடை போட்டுக் கொடுத்து எடை போட்டே திரும்ப வாங்குவார்கள். பாறைக்குள் சக்கிமுக்கிக் கல் முடிச்சுகள் இருப்பதால் முனை சீக்கிரம் மழுங்கும். மழுங்கியதை உருக்கி மறுபடி வார்ப்பார்கள்.

கேள்வி: வெட்டும்போது பழைய கல்லறையில் இடித்ததுண்டா?

பதில்: உண்டு. பாரோ செத்நக்த் தொடங்கிய கல்லறை, பக்கத்திலிருந்த இன்னொரு பாரோ அமென்மெஸ்ஸின் கல்லறைக்குள் உடைத்துக்கொண்டு போய்விட்டது. வேலை நின்றது. பின்னால் 3ஆம் ராமசேஸ் அதையே தனக்கு எடுத்துக்கொண்டபோது, நடைபாதையை வலப்பக்கம் ஒதுக்கி மேலே வெட்டினார்கள். உள்ளே போனால் அந்த விலகல் இன்றும் தெளிவாகத் தெரியும்.