'ஹோம்லி' என்றதும் அந்த அம்மா முகம் ஏன் மாறியது?

விருதுநகரிலிருந்து பெங்களூர் வந்து மூன்று மாதமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாரத்தஹள்ளியில் பி.ஜி. விடுதி, அமெரிக்க டீமோடு ராத்திரி வீடியோ கால். எங்கள் கிளையன்ட் டீமின் தலைவியம்மா வீட்டு ஹால் கேமராவில் தெரிந்தது, சோபாவில் ஒரு நாய் படுத்திருந்தது. நல்லதாக ஏதாவது சொல்வோமே என்று, உங்கள் வீடு ரொம்ப ஹோம்லி, நீங்களும் பார்க்க ஹோம்லியாக இருக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் வேலைப் பேச்சுக்குப் போய்விட்டார்கள். அக்கா, நான் என்ன தப்பாகச் சொன்னேன்?"

வீட்டோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பீர்கள் தம்பி. அமெரிக்காவில் ஒருவரைப் பார்த்து ஹோம்லி என்றால், 'லட்சணமாக இல்லை' என்று அர்த்தம். 'அக்லி' அளவுக்குக் கடுமை இல்லை. நம் ஊரில் பெண் பார்த்துவிட்டு வந்து, "பொண்ணு சுமார்தான்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அந்த ரகம். அதை நீங்கள் அவரிடமே, எல்லோரும் கேட்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் மேல் தப்பில்லை. நாம் அந்த வார்த்தையைப் படித்த இடம் அப்படி. கல்யாண விளம்பரத்தில் 'ஹோம்லி கேர்ள்' என்றால் குடும்பப்பாங்கான பெண். இங்கே பி.ஜி. வாசலில் 'ஹோம்லி ஃபுட்' என்று போர்டு தொங்கும். (உள்ளே போனால் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும், அது வேறு கதை.) இரண்டுமே பாராட்டு. இது நாமாகக் கண்டுபிடித்த தப்பான இங்கிலீஷும் இல்லை, இந்திய ஆங்கில வழக்கு என்றே சில அகராதிகள் குறிப்பிடுகின்றன. பிரிட்டிஷ்காரர்கள் ஒரு ஓட்டலையோ வீட்டையோ ஹோம்லி என்றால், ஆடம்பரமில்லாமல் சொந்த வீடு மாதிரி இதமாக இருக்கிறது என்று பொருள், சந்தோஷப்படலாம். அதே இதத்தைச் சொல்ல அமெரிக்கர் 'ஹோமி' என்பார், அல்லது 'கோஸி' என்பார். நடுவில் ஒரு 'ல்' வந்தால் போச்சு.

ஊர் மாறினாலும் காலம் மாறினாலும் வார்த்தையின் குணம் மாறும். அல்சூர் ஏரிக்கரையில் 2009-ல் திறந்த வள்ளுவர் சிலையைத் தாண்டித்தான் தினமும் பஸ் ஏறப் போகிறேன். அவர் 1274-ஆம் குறளில் மொட்டுக்குள் இருக்கும் மணத்தை நாற்றம் என்கிறார். இன்றைக்கு யார் வீட்டுக்காவது போய், "உங்க வீட்டில் நல்ல நாற்றம்" என்று சொல்லிப் பாருங்கள், காபி வராது.

என் கதையையும் சொல்கிறேன். வந்த புதிதில் என் ரூம்மேட் தெலுங்குப் பெண். துணி துவைத்துக்கொண்டிருந்தாள், "நான் பிழிந்து தரவா?" என்று கேட்டேன். "அவசரம் லேது" என்றாள். சரி, அவசரமில்லை, மெதுவாகச் செய்யலாம் என்று நினைத்து, ஒரு காபி குடித்துவிட்டுப் போய் நின்றேன். எல்லாத் துணியும் கொடியில் காய்கிறது. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. 'தேவையில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன்' என்றுதான் அவள் சொல்லியிருக்கிறாள். ஒரு வாரம் என்னைக் கிண்டலடித்தாள்.

ஆபீஸில் பட்டது இன்னும் பெரிது. நாங்கள் போட்ட அட்டவணையைப் பார்த்த லண்டன்காரர் ஒருவர், "ராதர் அம்பிஷஸ்" என்று எழுதினார். லட்சியத்தோடு உழைக்கிறோம் என்று பாராட்டுகிறார் போல என்று நானும் டீமும் மைசூர்பாக் வாங்கிச் சாப்பிட்டோம். ஒரு திட்டத்தைப் பார்த்து அவர்கள் அந்த வார்த்தையைச் சொன்னால், 'இது நடக்கிற காரியமா?' என்று மரியாதையாகக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். தேதி தவறிய பிறகுதான் புரிந்தது.

அதற்கப்புறம் ஒரு பழைய டைரியை எடுத்து, புதுப் பெயரடை காதில் விழும்போதெல்லாம் குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன். அர்த்தம் மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை. யார் சொன்னார், எதைப் பற்றிச் சொன்னார் (ஆளையா, பொருளையா, திட்டத்தையா), சொல்லும்போது முகம் எப்படி இருந்தது என்றும் எழுதுவேன். அகராதி பார்த்தால் ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே போட்டதைப் பாருங்கள், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றும் இணையத்தில் இலவசம். அர்த்தத்துக்கு முன்னால் அமெரிக்க வழக்கு, பிரிட்டிஷ் வழக்கு என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும், நாம் தாண்டிப் போய்விடுவோம். உங்களைக் காப்பாற்றியிருக்கக் கூடியது அந்தப் பொடி எழுத்துதான். கீழே உள்ள உதாரண வாக்கியங்களையும் விடாதீர்கள்.

இலக்கணத்திலும் இந்த வார்த்தை காலை வாரும். பின்னால் 'லி' வந்தால் 'ஆக' என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்போம்: ஸ்லோ மெதுவான, ஸ்லோலி மெதுவாக. அது பெயரடையோடு 'லி' சேரும்போது. ஹோம், ஃப்ரெண்ட், காஸ்ட், மதர் மாதிரிப் பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால் பெரும்பாலும் பெயரடைதான் வரும். ஃப்ரெண்ட்லி என்றால் 'நட்பான', 'நட்பாக' அல்ல. அதனால் 'ஹி ஸ்போக் ஃப்ரெண்ட்லி' என்று எழுதாதீர்கள், 'இன் எ ஃப்ரெண்ட்லி வே' என்று சுற்றித்தான் போக வேண்டும்.

ஆளைப் பாராட்ட வேண்டுமென்றால் வார்ம், வெல்கமிங், கைண்ட் போதும், எந்த ஊரிலும் அடி விழாது. ஆனால் தோற்றத்தைப் பற்றி ஆபீஸ் காலில் பேசாமலிருப்பதே நல்லது. அது எந்த வார்த்தையாக இருந்தாலும் சரி.

இப்போது அந்த அம்மாவுக்கு மட்டும் தனியாக ஒரு மெசேஜ் போடுங்கள், குழுவில் வேண்டாம். இப்படி எழுதுங்கள்: "இந்தியாவில் அந்த வார்த்தைக்கு அன்பான, வீட்டு மனுஷர் மாதிரி என்று பொருள், உங்கள் ஊரில் வேறு பொருள் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன், மன்னியுங்கள்." மூன்று வரிக்கு மேல் போகாதீர்கள், நீட்டினால் மறுபடி எங்காவது போய் மாட்டுவீர்கள். அடுத்த காலில் நாயின் பெயரைக் கேளுங்கள். நாய் வளர்ப்பவர்கள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள், நீங்கள் தலையாட்டினாலே போதும்.