ஜான் க்ளோட் கில்லி ஏன் இன்னும் ஃபிரான்ஸ்ல இவ்வளவு ஃபேமஸ்?

ரேஸை விட்டு அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சே, இன்னும் ஏன் ஃபிரெஞ்சு பனிச்சறுக்கு (ஸ்கீ) வீரர் கில்லி பேரு அடிபடுதுன்னு கேட்டிருக்கீங்க. முதல் காரணம் 1968 கிரெனோபிள் ஒலிம்பிக்ஸ். சொந்த நாட்டுல, சொந்த ஜனங்க முன்னாடி டவுன்ஹில் (மலைச்சரிவுல ரொம்ப வேகமா இறங்கற ரேஸ்), ஸ்லாலம் (கம்பங்களுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு இறங்கறது), ஜயன்ட் ஸ்லாலம் (அதே மாதிரி, கம்பங்க இன்னும் தள்ளித்தள்ளி இருக்கும்) மூணுலயும் தங்கம், அதுக்கு முன்னாடி இத செஞ்சவர் 1956ல ஆஸ்திரியாவோட டோனி சைலர் மட்டும்தான்.

அந்த டவுன்ஹில் கதைய கேட்டா எனக்கு இன்னும் புல்லரிக்கும். ரேஸுக்கு முன்னாடி பழகிப் பாக்கப் போனப்போ ஐஸ் தரையில உரசி நல்லா வழுக்கறதுக்காக ஸ்கீக்கு அடியில பூசியிருந்த மெழுகு முக்காவாசி போயிடுச்சு, திரும்ப பூச நேரமில்ல, கீழ போகப்போக வேகம் குறையும்னு தெரிஞ்சு மேலயே உயிரைக் கொடுத்து பாஞ்சாரு, கடைசியில இன்னொரு ஃபிரெஞ்சு வீரர் கி பெரிலாவ வெறும் 0.08 செகண்ட்ல ஜெயிச்சாரு!

ஸ்லாலம்ல மட்டும் சர்ச்சை. பனிமூட்டத்துல யாரோ குறுக்க வந்தாங்கன்னு ஆஸ்திரியா வீரர் கார்ல் ஷ்ரான்ஸ் மறுபடி ஓடி முந்தினாரு, ஆனா முதல்ல ஓடினப்பவே கேட் (கம்பங்களுக்கு நடுவுல கட்டாயம் போகவேண்டிய வழி) தவறவிட்டார்னு அவரைத் தகுதிநீக்கம் பண்ணிட்டாங்க. ஆஸ்திரியாக்காரங்களுக்கு அது பெரிய வருத்தம், அது நியாயம்தான், ஆனா கில்லி மேல தப்பில்ல.

1967ல ஸ்கீ வேர்ல்ட் கப் ஆரம்பிச்ச முதல் சீசன்லயே 17 ரேஸ்ல 12 ஜெயிச்சவர் அவரு. அடுத்த வருஷமும் கப்பு அவருக்குத்தான். அதோட 24 வயசுல விலகிட்டாரு, உச்சத்துலயே நிறுத்தினாரு. அப்புறம் 1992 ஆல்பர்வில் ஒலிம்பிக்ஸ நடத்தினதுலயும் அவருக்குப் பெரிய பங்கு.