டிராகன் இருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்கும்: கேள்வி பதில்

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள் நான். சாப்பாட்டு மணி முடிந்து பிள்ளைகள் சொக்கி விழும் நேரத்தில் ஒரு டிராகன் கதையை எடுத்துவிட்டால் கடைசி பெஞ்சு வரை நிமிர்ந்து உட்காரும். அதற்காகத் தேடிப் படிக்க ஆரம்பித்தது, ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் பழைய மாணவர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

டீச்சர், சீனா டிராகனுக்கு இறக்கையே இல்லையே, அப்புறம் எப்படிப் பறக்குது? நெருப்பு கக்குமா? (ஏழாம் வகுப்பு மாணவன், ஏற்காடு)

நல்லாப் பார்த்திருக்கிறாய், கண்ணு. சீனத்து டிராகனின் பெயர் லோங். அதன் தலைமேல் ஒரு புடைப்பு இருக்கும், அதைச் சிமு என்பார்கள். சிமு இல்லாத டிராகன் வானத்தில் ஏற முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. மானின் கொம்பு, ஒட்டகத்தின் தலை, பாம்பின் கழுத்து, கெண்டை மீனின் செதில், கழுகின் நகம், புலியின் பாதம், மாட்டின் காது என்று பல உயிர்களிலிருந்து எடுத்துக் கோத்த உடம்பு அது. செதில்கள் மொத்தம் 117, அதில் 81 நல்லது செய்பவை, 36 கெடுதல் செய்பவை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

நெருப்பு அதன் வேலை இல்லை. லோங் மழையின் தெய்வம். நான்கு கடலுக்கும் நான்கு டிராகன் அரசர்கள். ஹான் வம்ச காலத்தில், அதாவது சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, வானம் பொய்த்தால் மண்ணால் டிராகன் செய்து வைத்து மழை கேட்டிருக்கிறார்கள். நம் பக்கத்தில் மழை இல்லாவிட்டால் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுக்கிறோமே, பாரதக் கூத்து வைக்கிறோமே, அந்த மாதிரிதான். வயிற்றுப்பாடு ஒன்றுதானே எல்லா ஊரிலும்.

நம்ம கோயில் யாளிதான் தமிழனோட டிராகன்னு எல்லாரும் பகிர்றாங்க. உண்மைங்களா? (தாரமங்கலத்திலிருந்து ஒருவர்)

உங்கள் ஊர்க் கைலாசநாதர் கோயிலிலிருந்தே பதில் சொல்கிறேன். அங்கே ஒரு யாளியின் வாய்க்குள் கல் உருண்டை ஒன்று இருக்கும். பல்வரிசைக்கு நடுவே விரலை விட்டுத் தள்ளினால் உருளும், வெளியே எடுக்க வராது. வெளியே செதுக்கி உள்ளே போட்டதல்ல. அதே கல்லில், வாய்க்குள்ளேயே உளி விட்டுக் குடைந்து பிரித்தெடுத்தது. முதன்முதலாக அதைத் தொட்டபோது, வழவழவென்று தேய்ந்திருந்த அந்த உருண்டையை எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் உருட்டியிருப்பார்கள் என்று நினைத்து அங்கேயே நின்றுவிட்டேன்.

ஆனால் யாளி டிராகன் இல்லை. சிங்கத்து உடம்பு, சில இடங்களில் யானைத் துதிக்கை, மலையில் வாழ்க்கை. சங்கப் பாடல்களில் 'ஆளி' என்று வரும்போதே அது யானையை அடித்துக் கொல்லும் விலங்கு. டிராகன் பாம்பு வம்சம். அதன் இருப்பு தண்ணீரில். நம் சிற்பத்தில் டிராகனுக்குச் சொந்தம் தேட வேண்டுமானால் யாளியை விட்டுவிட்டு வாசலுக்கு மேலே பாருங்கள், மகரதோரணம் தெரியும். முதலை வாய், யானை மூக்கு, சுருண்டு விரியும் வால். நீரிலிருந்து பிறந்த உருவம் அது. நாகமும் மகரமும்தான் உறவுமுறை. யாளிக்கு யாளி என்ற பெயரே போதுமான பெருமை, இரவல் பெயர் வேண்டாம் என்பது என் கருத்து.

வேதத்துல, புராணத்துல டிராகன் இருக்குங்களா டீச்சர்? (கல்லூரி மாணவி, ஜாகிர் அம்மாபாளையம்)

இருக்கிறது அம்மா, உலகத்தில் எழுத்தாகக் கிடைக்கும் மிகப் பழைய டிராகன் கதைகளில் அதுவும் ஒன்று. ரிக்வேதம் முதல் மண்டலம், 32-ஆம் பாடல். விருத்திரன் என்ற பெரும்பாம்பு மலைமேல் படுத்துக்கொண்டு தண்ணீரை அடைத்து வைத்திருக்கிறது. விருத்திரன் என்ற சொல்லுக்கே மூடுபவன், தடுப்பவன் என்றுதான் பொருள். இந்திரன் வஜ்ஜிரத்தால் அடித்துக் கொல்கிறான். உடனே நீர் பாய்கிறது. எப்படி என்றால், கதறிக்கொண்டு ஓடும் பசுக்களைப் போலக் கடலை நோக்கி ஓடுகிறதாம். சாயங்காலம் கன்றை நினைத்துக் கத்திக்கொண்டே வீடு திரும்பும் மாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த வரி எவ்வளவு சரி என்று தெரியும்.

அந்தப் பாட்டில் பாம்புக்கு 'அஹி' என்று பெயர். தமிழ் அகராதியிலும் 'அகி' என்றால் பாம்பு என்று இருக்கிறது. பழைய ஈரானியரின் வேதமான அவெஸ்தாவில் அதே சொல் 'அஜி' என்று மாறி, 'அஜி தஹாகா' என்ற மூன்று தலை அரக்கப் பாம்பாக வருகிறது. பாரசீகக் கவிஞர் பிர்தௌசியின் ஷாநாமா காவியத்தில் அவனே ஸஹ்ஹாக் என்ற கொடுங்கோல் மன்னன். இரண்டு தோளிலும் பாம்பு முளைத்தவன். அந்தப் பாம்புகளுக்கு நாள்தோறும் இளைஞர்களின் மூளை தீனி. பிள்ளைகளை இழந்த காவே என்ற கொல்லன் தன் தோல் மேலாடையைக் கொடியாகக் கட்டிக் கிளம்புகிறான். கடைசியில் ஸஹ்ஹாக்கைத் தமாவந்து மலையில் சங்கிலி போட்டுக் கட்டிவிடுகிறார்கள். தமாவந்து ஓர் எரிமலை.

இத்தனை வருடம் படித்ததில் எனக்குப் பட்டது இதுதான்: டிராகன் கதை எந்த ஊர்க் கதையானாலும் முதலில் தண்ணீர் எங்கே என்று தேடுங்கள். பாபிலோனில் மர்துக் என்ற தெய்வம் கொன்ற தியாமத், உப்புக் கடலின் உருவம். கிரேக்கத்து தெல்பியில் அப்போல்லோ கொன்ற பைத்தான் ஊற்றருகே கிடந்தது. சீனத்தில் தண்ணீரைக் கொடுப்பது டிராகன், ரிக்வேதத்தில் அடைப்பது டிராகன். இரண்டு இடத்திலும் மடைச்சாவி அதன் கையில்.

பைபிள்ல வர்ற வலுசர்ப்பமும், புனித ஜார்ஜ் குதிரையில இருந்து ஈட்டியால குத்துற டிராகனும் ஒண்ணுங்களா? (ஒரு அம்மா, அரிசிப்பாளையம்)

வேறு வேறு அம்மா. வலுசர்ப்பம் வெளிப்படுத்தின விசேஷம் 12-ஆம் அதிகாரத்தில் வருவது. ஏழு தலை, பத்துக் கொம்பு, சிவப்பு நிறம். அதோடு போர் செய்பவர் மிகாவேல். அது சாத்தான் என்று அந்த அதிகாரமே சொல்லிவிடுகிறது.

ஜார்ஜ் கி.பி. 303 வாக்கில் ரோமப் பேரரசில் விசுவாசத்துக்காக உயிர்விட்டவர் என்பது மரபு. அவரைப் பற்றிய பழைய வரலாறுகளில் டிராகன் கிடையாது. பல நூற்றாண்டு கழித்துச் சேர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டில் யாக்கோபு தெ வொராஜினே தொகுத்த புனிதர் கதைகள் வழியாகத்தான் ஐரோப்பா முழுக்கப் பரவியது. அதில் ஊர் லிபியாவின் சிலேனே. ஊருக்கு வெளியே ஏரி, ஏரிக்குள் டிராகன். தினம் இரண்டு ஆடு கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆடு தீர்ந்ததும் பிள்ளைகளைச் சீட்டுப் போட்டுக் கொடுக்கிறார்கள். சீட்டு ஒருநாள் அரசன் மகள் பெயருக்கு விழுகிறது. ஜார்ஜ் டிராகனைக் குத்திக் காயப்படுத்திவிட்டு, அந்தப் பெண்ணின் இடுப்புக் கச்சையை அதன் கழுத்தில் கட்டச் சொல்கிறார். கட்டியதும் அது நாய்க்குட்டி போல அவள் பின்னால் ஊருக்குள் நடந்து வருகிறது. படங்களில் ஈட்டியைத்தான் பெரிதாக வரைகிறார்கள். எனக்கு அந்தக் கச்சைதான் கண்ணில் நிற்கிறது. இங்கேயும் ஏரி இருப்பதைக் கவனித்தீர்களா?

பஞ்சாங்கத்து ராகு கேதுவுக்கும் டிராகனுக்கும் சம்பந்தம் உண்டா? (செவ்வாய்ப்பேட்டை)

நேரடியாகவே உண்டு. ராகு, கேது என்பவை வானத்தில் சூரியன் பாதையும் சந்திரன் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள். அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் நேர்ந்தால்தான் கிரகணம். இடைக்கால ஐரோப்பாவில் அதே புள்ளிகளை டிராகனின் தலை, டிராகனின் வால் என்று எழுதினார்கள். சந்திரன் ஒரு புள்ளியில் கிளம்பித் திரும்ப அதே புள்ளிக்கு வர ஆகும் 27.21 நாளை இன்றைய வானியலாளர்களும் டிராகோனிக் மாதம் என்றே சொல்கிறார்கள். குறுந்தொகையில் 'அரவு நுங்கு மதி' என்று வருவது இந்தப் பாம்பு விழுங்கிய நிலவுதான்.

மேக்னசைட் குவாரியில வேலை பார்த்தவன் நான். பூமிக்குள்ள என்னென்னவோ கிடைக்குது. டிராகன் எலும்பு எங்கயாவது கிடைச்சிருக்குங்களா?

கிடைத்ததாக நம்பினார்கள் ஐயா. ஆஸ்திரியாவில் கிளாகன்பர்ட் என்ற ஊரில் 1335-இல் ஒரு பெரிய மண்டையோடு அகப்பட்டது. டிராகன் தலை என்று சொல்லிப் பத்திரப்படுத்தினார்கள். அதைப் பார்த்துத்தான் ஊர்ச் சதுக்கத்து டிராகன் சிலைக்குத் தலை செய்தார்கள். பிற்காலத்தில் ஆராய்ந்தால், அது பனிக்காலத்துக் கம்பளி ரோம காண்டாமிருகத்தின் மண்டை.

சீனத்தில் நாட்டு மருந்துக் கடைகளில் 'டிராகன் எலும்பு' என்று பழம் எலும்புகளை இடித்து விற்பார்கள். 1899-இல் வாங் யிரோங் என்ற அறிஞர் அப்படிப்பட்ட எலும்புகளில் எழுத்துகள் கீறியிருப்பதைக் கண்டார். 3,000 ஆண்டுக்கு முந்தைய ஷாங் வம்சத்தின் குறி கேட்கும் எலும்புகள் அவை. அதற்குள் எவ்வளவு சரித்திரத்தைக் கஷாயம் வைத்துக் குடித்திருப்பார்களோ! நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறும்.

டிராகன் பழத்துக்கு ஏன் அந்தப் பேர்?

தோலில் செதில் மாதிரி இருப்பதால். அது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துக் கள்ளிச் செடி.

என் மக ராத்திரி கதை கேப்பா. டிராகனைக் கொல்லாத கதை வேணும்னு அடம் பிடிக்கிறா டீச்சர். (அஸ்தம்பட்டி)

காளியன் கதையைச் சொல்லம்மா. யமுனை மடுவை விஷமாக்கிய பாம்பின் படங்கள்மேல் கண்ணன் ஆடுகிறான். பாம்பின் மனைவியர் வந்து கெஞ்சுகிறார்கள். கண்ணன் பாம்பைக் கொல்லாமல், கடலுக்குப் போ என்று அனுப்பிவிடுகிறான். தண்ணீர் திரும்ப ஊருக்குக் கிடைக்கிறது. இன்னொன்று வியட்நாமில் இருக்கிறது. டிராகன் வம்சத்து லாக் லோங் குவானும் மலைத் தேவதை அவ் கோவும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். நூறு முட்டை, நூறு பிள்ளைகள். ஐம்பது பேர் அப்பாவோடு கடலுக்கு, ஐம்பது பேர் அம்மாவோடு மலைக்கு. அந்த நூறு பேர் வழி வந்தவர்கள்தான் தாங்கள் என்று வியட்நாம் மக்கள் சொல்கிறார்கள்.

சேர்வராயன் கோயில் குகைக்குள்ள உள்ள போய்க்கிட்டே இருந்தா பெரிய பாம்பு இருக்கும்னு எங்க பாட்டி சொல்லுது. நெசமா மிஸ்? (மலைக் கிராமத்து மாணவன்)

அந்தக் குகைக்குள் நானும் போயிருக்கிறேன், கண்ணு. தலையைக் குனிந்துதான் போக வேண்டும். உள்ளே குளிர், காலடியில் ஈரம். சேர்வராயனுக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மன் பெயர் காவேரி என்பது உனக்கே தெரியும். குகை காவிரி வரைக்கும் போகிறது என்று சொல்பவர்களும் உண்டு. மலை, குகை, ஆறு மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பாட்டி சொல்லும் பாம்பு அங்கே படுத்திருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அது தண்ணீரை அடைத்துக்கொண்டு கிடக்கிறதா, காவல் காக்கிறதா என்று பாட்டியிடம் கேள். எந்தச் சுனைப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வால் என்றும் கேள். பாட்டி சொல்கிற வார்த்தையிலேயே எழுதி எனக்கு அனுப்பு.