ஒடியல் பிட்டுக் கசப்பும் மாமியின் கேள்வியும்

தங்கச்சி, மகளின் பள்ளிக்கூடப் பாரம்பரிய உணவு நாளுக்கென்று ஒடியல் பிட்டு அவித்துப் பார்த்தீர்கள், வாயில் வைக்க முடியாத கசப்பு. மாமியும் "பஞ்சத்துச் சாப்பாட்டையோ மேசையில் வைக்கப் போறாய்?" என்று கேட்டுவிட்டார். சரி, முதலில் கசப்பைப் பார்ப்போம்.

ஒடியல் என்பது பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தது. அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் மாதிரி இல்லை, இதன் மா கசக்கத்தான் செய்யும். நீங்கள் ஊறவிடாமல் அப்படியே குழைத்திருக்கிறீர்கள். வாயகன்ற சட்டியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து அரை மணி நேரம் விடுங்கள். மா அடியில் படிந்ததும் மேலே நிற்கும் கலங்கல் தண்ணீரை மெதுவாக இறுத்துவிடுங்கள். இப்படி மூன்று தரம். பிறகு வெள்ளைத் துணியில் கட்டி இறுகப் பிழிந்து, தேங்காய்ப்பூ, பச்சைமிளகாய், வெங்காயம், முருங்கையிலை, நெத்தலி சேர்த்து அவியுங்கள். பனையோலையில் பின்னிய, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி கிடைத்தால் வாசமே வேறு. கொஞ்சம் கசப்பு மிஞ்சும். மிஞ்சட்டும், அதுவும் இல்லாவிட்டால் அது ஒடியல் பிட்டே இல்லை.

மாமியைக் கோபிக்காதீர்கள். இலங்கையில் 1970களில் மாத் தட்டுப்பாடு, 1990களில் போர்க்காலத்தில் வடக்கே வன்னிக்குப் பொருளாதாரத் தடை; அவர் விரும்பியா சாப்பிட்டிருப்பார்? எங்கள் அம்மாவும் ஒடியல் மா என்றாலே முகத்தைத் திருப்புவார். அதே அம்மா, மே மாதம் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்கும்போது சிரட்டையை இரண்டு கையாலும் வாங்குவார். அரிசி, தண்ணீர், உப்பு. 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் கிடைத்தது அவ்வளவுதானே.

மா பிழிய மாமியையே கூப்பிடுங்கள், பதம் அவர் கைக்குத் தெரியும். மேசையில் வைக்கும் அட்டையில் எந்தக் காலத்தில் சாப்பிட்டது என்பதையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள்.