சதுரங்கப் பலகை எண்: கேள்வி பதில்

முதல் கட்டத்தில் 1 அரிசி, அடுத்ததில் 2, பிறகு 4 என்று 64 கட்டங்களையும் நிரப்பினால் மொத்தம் 18446744073709551615. அதாவது 2⁶⁴−1. இந்த எண்ணைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

இது பகா எண்ணா சார்?

கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 5.

எக்செலில் போட்டால் கடைசியில் 600000 என்று முடிகிறதே?

எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் தாங்காது. மிச்சத்தைப் பூஜ்யத்தால் நிரப்பிவிடும். பெரிய முழு எண்ணை அதை நம்பி ஒப்படைக்காதீர்கள். பைத்தான் நிரல்மொழி முழுசாகத் தரும்.

கேரளத்து அம்பலப்புழா கோயில் கதையில், சதுரங்கத்தில் கிருஷ்ணனிடம் தோற்ற ராஜா இந்தக் கணக்குப்படி தர வேண்டிய அரிசி எவ்வளவு எடை?

ஓர் அரிசி 25 மில்லிகிராம் என்றால் சுமார் 46,000 கோடி டன். இன்றைய உலக விளைச்சலை எண்ணூறு வருஷத்துக்கு மேல் சேர்த்தாலும் கடன் தீராது. பாவம் ராஜா.

முழுக் காரணிகளையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குத்தான் காத்திருந்தேன். இலக்கங்களை மறந்துவிட்டு வடிவத்தைப் பாருங்கள். a²−1 = (a−1)(a+1). எனவே 2⁶⁴−1 = (2³²−1)(2³²+1). இடது பக்கத் துண்டு மறுபடி அதேபோல் உடையும். கடைசி வரை உடைத்தால்:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இவை எல்லாமே ஃபெர்மா எண்கள்: 2-இன் அடுக்கில் 1, 2, 4, 8, 16, 32 என்று போட்டு 1 கூட்டியவை. இந்த வகை எண்கள் அனைத்தும் பகா எண்கள் என்று பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். முதல் ஐந்தும் அப்படித்தான். ஆறாவதை, அதாவது 2³²+1-ஐ, 1732-இல் கணித மேதை ஆய்லர் உடைத்தார்: 641 × 6700417. ஆக நம் எண்ணுக்கு ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள், 128 வகுத்திகள்.

இது பகா எண்ணா?

மேலே படியுங்கள்.

641-ஐ ஆய்லர் குருட்டாம்போக்கில்தானே பிடித்தார்? 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போனால் யாருக்கும் கிடைக்கும்.

இல்லை. அந்த ஆறாவது எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால் அது 64k+1 வடிவில்தான் (k ஒரு முழு எண்) இருக்கும் என்று அவர் காட்டினார். அந்த வடிவப் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே சிக்கியது.

சரி, ஆனால் கடைசியில் வகுத்துத்தானே பார்க்க வேண்டும்?

வேண்டாம் தம்பி. 641 = 5×2⁷+1. எனவே 641-ஆல் வகுக்கும்போது 5×2⁷-உம் −1-உம் ஒரே மீதிதான். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-இன் மீதி 1. அப்புறம் 641 = 5⁴+2⁴ என்பதால் 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். −2³²-இன் மீதி 1 ஆகிறது, அதாவது 2³²+1 மிச்சமின்றி வகுபடும். வகுத்தலே இல்லை.

வகுத்தால் ஒரு நிமிஷ வேலை. இவ்வளவு சுற்றுவது எதற்கு?

வகுத்தால் ‘ஆம்’ என்று மட்டும் தெரியும். இதில் ஏன் என்பதும் தெரிகிறது.

2⁶⁴+1 பகா எண்ணா?

இது நல்ல கேள்வி. இல்லை. 274177 × 67280421310721. 1880-இல் பிரெஞ்சுக் கணிதர் லாண்ட்ரி உடைத்தார், அப்போது அவருக்கு எண்பது தாண்டிய வயது.